லேக் வியூ ரோட்டில் ஏரி எங்கே?

மேற்கு மாம்பலத்தில் ஆட்டோ ஏறி, "லேக் வியூ ரோடு போகணும்பா" என்று சொன்னால் போதும். டிரைவர் வழி கேட்க மாட்டார். மீட்டருக்கு மேல் எவ்வளவு என்று மட்டும் பேசிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பேரனுக்குத்தான் சந்தேகம் வரும்.

"பாட்டி, லேக் வியூன்னா ஏரி தெரியணும் இல்லையா? ஏரி எங்கே?"

பாட்டி வெளியே எட்டிப் பார்ப்பார். மருந்துக்கடை தெரியும். இஸ்திரி வண்டி தெரியும். மாவு பாக்கெட் விற்கிற கடை, நாலு மாடி அபார்ட்மென்ட், அதன் வாசலில் வரிசையாக நிற்கிற ஸ்கூட்டர்கள் தெரியும். ஏரி மட்டும் தெரியாது.

"இருந்துதுடா கண்ணா. எங்க பாட்டி சொல்லிக் கேட்டிருக்கேன்."

பேரன் விடமாட்டான். "அப்புறம் எங்க போச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஆட்டோ சவாரி போதாது. நூறு வருஷக் கதை அது. நடுவில் ஜெர்மனி வரை ஒரு முறை போய் வரவும் வேண்டியிருக்கிறது.

ஏரி நடுவே ஒரு அரண்மனை

ஜெர்மனியின் வடக்கே, ஹாம்பர்க் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் ஷ்வெரின் என்றொரு ஊர். மெக்லன்பர்க்-மேற்கு பொமரேனியா மாநிலத்தின் தலைநகரம். தலைநகரம் என்றதும் நம் சென்னையை நினைத்துக்கொள்ள வேண்டாம். மொத்த மக்கள்தொகையே ஒரு லட்சத்தை ஒட்டித்தான். ஜெர்மனியின் மாநிலத் தலைநகரங்களில் இதுதான் மிகச் சிறியது.

அந்த ஊருக்கு 'ஏழு ஏரிகளின் நகரம்' என்று செல்லப் பெயர் உண்டு. அதில் பெரிய ஏரியின் பரப்பு மட்டும் 60 சதுர கி.மீ.க்கு மேல். ஏரியில் ஒரு தீவு. தீவு முழுக்க ஒரே ஒரு அரண்மனை. தங்க முலாம் பூசிய குவிமாடம், ஊசி ஊசியாகக் கோபுரங்கள், 600க்கும் மேற்பட்ட அறைகள். ஊரிலிருந்து பாலத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அமைதியான காலை நேரத்தில் முழு அரண்மனையும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும்.

பத்தாம் நூற்றாண்டிலேயே அந்தத் தீவில் ஸ்லாவிய மக்களின் கோட்டை ஒன்று இருந்தது. 1160-ல் 'சிங்கம்' என்று பட்டப்பெயர் பெற்ற ஹென்றி என்கிற ஜெர்மானியப் பிரபு அந்தப் பகுதியைப் பிடித்து நகரத்தை நிறுவினார். இன்று காண்கிற அரண்மனை, இரண்டாம் ஃபிரெட்ரிக் ஃபிரான்ஸ் என்கிற கிராண்ட் ட்யூக் காலத்தில், 1845-லிருந்து 1857 வரை புதுப்பித்துக் கட்டியது. பிரான்ஸ் நாட்டின் ஷாம்போர் அரண்மனையைப் பார்த்து வந்து அதன் சாயலில் வரைந்தார்கள்.

அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்கு நிம்மதி கிடைக்கவில்லை. 1913-ல் தீப்பிடித்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. 1918-ல் மன்னராட்சியே போய்விட்டது. கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் அங்கே மழலையர் பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கல்லூரி நடந்தது. 1990-ல் இரண்டு ஜெர்மனிகளும் சேர்ந்த பிறகு, மாநில சட்டமன்றம் அங்கே குடியேறியது. மன்னர் வாழ்ந்த வீட்டில் இன்று மக்கள் பிரதிநிதிகள் பட்ஜெட் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

அங்கே ஒரு குட்டிப் பேயும் உண்டு. பீட்டர்மென்ஷன் என்று பெயர். பழைய காலத்துத் தொப்பியும் கையில் சாவிக்கொத்துமாக அரண்மனையைச் சுற்றி வருமாம். திருடர்களைத் துரத்தும், நல்லவர்களை ஒன்றும் செய்யாது என்று ஊரார் சொல்கிறார்கள். நம்மூர் ஏரிக்கரையில் ஐயனார் குதிரையோடு காவல் நிற்பதும், மதுராந்தகத்தில் ராமர் 'ஏரி காத்த ராமர்' ஆனதும் நமக்குத் தெரிந்ததுதானே! தண்ணீர் இருக்கிற இடத்துக்கு ஒரு காவல்காரர் வேண்டும் என்று இரண்டு நாட்டு மக்களுக்கும் தோன்றியிருக்கிறது.

2024 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு கூடி, ஷ்வெரின் அரண்மனையையும் அதைச் சுற்றியுள்ள கட்டடங்களையும் தோட்டங்களையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தக் கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? நம் புது டெல்லியில்!

சென்னைக்கும் ஒரு நீண்ட ஏரி

இப்போது தி.நகருக்குத் திரும்புவோம்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மெட்ராஸ் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீலமாக ஒரு பெரிய பிறை தெரியும். வடக்கே நுங்கம்பாக்கத்தில் ஆரம்பித்து, மாம்பலம் வழியாக வளைந்து, தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டுகொண்டே போகும். வடபகுதியை நுங்கம்பாக்கம் ஏரி என்றும் தென்பகுதியை மயிலாப்பூர் ஏரி என்றும் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் 'லாங் டேங்க்'. நீண்ட ஏரி. மெட்ராஸ் நகரத்தின் மேற்கு எல்லையே இந்த ஏரிதான்.

பிறை வடிவம் தற்செயலாக வந்ததில்லை. தொண்டை மண்டலத்தில் ஏரி வெட்டியவர்களின் கணக்கு அது. இங்கே நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சாய்கிறது. மழைத் தண்ணீர் சரிந்து வரும் இடத்தில், தாழ்ந்த பக்கமாக ஒரு வளைந்த மண்கரை போடுவார்கள். தண்ணீர் கரையில் சாய்ந்து நிற்கும். வயலுக்கு விட மதகு, நிறைந்தால் வழிந்து போகக் கலங்கல், வழிந்ததை அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோக ஒரு வாய்க்கால். அவ்வளவுதான் தொழில்நுட்பம். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைப் பிடித்துவைத்து, தை, மாசி வரை வயலுக்குக் கொடுத்துவிடும். நிலத்தடிக்கும் இறங்கி, சுற்று வட்டாரக் கிணறுகள் வற்றாமல் பார்த்துக்கொள்ளும்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் ஏரியில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், அது சுமார் 40 லட்சம் லிட்டர். இத்தனை நீண்ட ஏரி எவ்வளவு பிடித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஏரியில் வெள்ளைக்காரர்களின் படகுப் போட்டிகள்கூட நடந்தன. இன்று பட்டுப்புடவைக் கடைகளில் கூட்டம் முண்டியடிக்கிற வட்டாரத்தில், அன்று துடுப்புகள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தன.

5 லட்சம் பேருக்கு வீடு வேண்டும்

அப்படிப்பட்ட ஏரியை ஏன் வற்றவைத்தார்கள்?

1921-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் மெட்ராஸ் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 5.27 லட்சம். ஜார்ஜ் டவுனும் திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் நெருக்கடியில் பிதுங்கின. ஒரே வீட்டில் நாலைந்து குடித்தனங்கள். குத்தகைக்காரர்கள் ஏற்றிய வாடகையைக் கொடுக்க முடியாமல் குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் தவித்தார்கள். நகரம் எந்தப் பக்கம் வளர முடியும்? கிழக்கே கடல். வடக்கே தொழிற்சாலைகளும் துறைமுகமும். மிச்சம் இருந்தது மேற்கும் தெற்கும். மேற்கே போனால் குறுக்கே நின்றது இந்த ஏரி.

அதற்குள் ஏரியின் வேலையும் குறைந்துவிட்டது. குடிதண்ணீர் செங்குன்றத்திலிருந்து வர ஆரம்பித்திருந்தது. ஏரி பாய்ந்த வயல்கள் ஒவ்வொன்றாக பங்களாத் தோட்டங்களாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன. வயல் இல்லாத ஏரி, அதிகாரிகளின் கண்ணுக்குக் கொசு வளர்க்கிற வெற்றுத் தண்ணீராகத் தெரிந்தது.

1920-ல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து சுமார் 1,600 ஏக்கரில் மாம்பலம் வீட்டுவசதித் திட்டம் தீட்டப்பட்டது. 1923-ல் ஏரியின் தண்ணீர் வடிக்கப்பட்டது. ஏரிப் படுகையும் அதைச் சுற்றியிருந்த நிலமும் சாலைகளாகவும் மனைகளாகவும் பிரிந்தன. நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து நாலா பக்கமும் விரிகிற அகலமான சாலைகள் என்று திட்டம் போட்டுக் கட்டிய பேட்டை அது. காற்றும் வெளிச்சமும் வருகிற தனி வீடு, முன்னால் வேப்பமரம், பின்னால் கிணறு. அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய கனவு.

அந்தக் கனவைக் குறை சொல்லிவிட முடியாது. இன்று தி.நகரில் பிறந்து வளர்ந்த எத்தனையோ குடும்பங்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தெருவெல்லாம் தலைவர்கள்

புதுப் பேட்டைக்குப் பெயர் வைக்கும் நேரத்தில் ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. அந்தக் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் சர் பிட்டி. தியாகராய செட்டியார். 1920-ல் முதலமைச்சராகும் வாய்ப்பு வந்தபோது வேண்டாம் என்று ஒதுங்கியவர். சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர். 1925 ஏப்ரலில் அவர் காலமானார். பேட்டை அவர் பெயரைத் தாங்கியது. தியாகராய நகர், நாளடைவில் தி.நகர்.

நடுப் பூங்காவுக்கு, முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர். நீதிக்கட்சியின் மற்ற இரண்டு மூலவர்களான டாக்டர் நாயருக்கும் டாக்டர் நடேச முதலியாருக்கும் ஆளுக்கொரு சாலை. கோபதி நாராயணசாமி செட்டியார், ஜி.என். செட்டி ரோடு ஆனார். முகமது உஸ்மான், உஸ்மான் ரோடு ஆனார். தணிகாசலம் செட்டியாரும் சாலையானார். பனகல் பார்க்கைச் சுற்றி ஒரு நடை நடந்தால், 1920-களின் சட்டசபையையே ஒரு சுற்றுச் சுற்றி வந்த மாதிரி.

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். நடிகர் திலகத்தின் 'அன்னை இல்லம்' இருந்த போக் ரோடு, செவாலியே சிவாஜி கணேசன் சாலை ஆனது. சங்கீதத்துக்கு வாணி மகால் வந்தது. பாத்திரம், பட்டு, தங்கம் என்று கடைகள் வந்தன. தனி வீடுகள் அடுக்குமாடிகளாயின. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நடப்பவர்கள் கால் தரையில் படாமலே மாம்பலம் ஸ்டேஷனுக்குப் போய்விடலாம் என்று கிண்டல் செய்கிற அளவுக்குக் கூட்டம் சேர்ந்தது.

இத்தனையும் வந்தபின் ஏரி எங்கே மிஞ்சியது? பெயர்ப்பலகைகளில் மட்டும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்ற குடியிருப்பு, டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. ஏரி போய்விட்டது, கரையின் பெயர் நிற்கிறது.

ஏரிப் படுகையில் ஒரு கல் தேர்

ஷ்வெரின் ஏரியில் ஒரு அரண்மனை இருக்கிறது என்றால், நம் ஏரியிலும் ஒரு மாளிகை உண்டு. நுங்கம்பாக்கம் பக்கத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த ஏரிப் பகுதி 1970-களில் தூர்க்கப்பட்டது. அங்கே எழுந்ததுதான் வள்ளுவர் கோட்டம்.

முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதியின் திட்டம் அது. வடிவமைத்தவர் வை. கணபதி ஸ்தபதி. திருவாரூர் ஆழித்தேரை மனதில் வைத்து 39 மீட்டர் உயரத்துக்கு ஒரு கல் தேர். அதன் கருவறையில் வள்ளுவர் சிலை. குறள் மணிமாடத்தில் 1,330 குறளும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கீழே ஆயிரக்கணக்கானவர்கள் உட்காரக்கூடிய, நடுவில் தூணே இல்லாத பெரிய அரங்கம்.

இங்கே ஷ்வெரினோடு ஒரு விசித்திரமான ஒற்றுமை. ஷ்வெரின் அரண்மனையைக் கட்டத் தொடங்கிய கட்டடக் கலைஞர் டெம்லர். 1848 புரட்சியின் பக்கம் சாய்ந்தார் என்பதால் 1851-ல் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஸ்ட்யூலர் என்கிற இன்னொருவர்தான் மீதியை முடித்தார். இங்கே, 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதியின் ஆட்சி கலைக்கப்பட்டது. இரண்டரை மாதம் கழித்து, ஏப்ரலில், குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது வள்ளுவர் கோட்டத்தைத் திறந்துவைத்தார். கட்ட ஆசைப்பட்டவர் மேடையில் இல்லை. ஏரிக்கரை மாளிகைகளுக்கும் அரசியலுக்கும் எப்போதும் ஏதோ ஒரு கணக்கு இருந்துகொண்டே இருக்கிறது.

பல வருஷம் பராமரிப்பில்லாமல் கிடந்த வள்ளுவர் கோட்டம் புதுப்பிக்கப்பட்டு, 2025 ஜூனில் மீண்டும் திறக்கப்பட்டது. மாலையில் விளக்கு வெளிச்சத்தில் தேர் மிக அழகாக இருக்கிறது. அந்தத் தேரைத் தலைகீழாகக் காட்ட அங்கே தண்ணீர்தான் இல்லை.

வான்சிறப்பு என்று ஒரு அதிகாரத்தையே மழைக்கு ஒதுக்கியவர் திருவள்ளுவர். கடவுள் வாழ்த்துக்கு அடுத்து அவர் வைத்தது மழையைத்தான். அவருக்கு எடுத்த கோட்டம், மழையைப் பிடித்துவைத்த ஏரியின் மேல் நிற்கிறது.

பழைய வீட்டைத் தேடி வரும் தண்ணீர்

ஏரியை மூடலாம். பள்ளத்தை மூட முடியாது. மழை பெய்தால் தண்ணீர் பழைய இடத்தைத் தேடித்தான் வரும்.

ஏரியின் உபரித் தண்ணீர் போன வழியின் மிச்சமாக மாம்பலம் கால்வாய் இன்றும் இருக்கிறது. வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் தொடங்கி, தி.நகரைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, நந்தனம் வழியாக அடையாற்றில் போய்ச் சேரும். பல இடங்களில் மேலே மூடியிருப்பதால் அப்படி ஒன்று ஓடுவதே பலருக்குத் தெரியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறபோதுதான் தெரியும். மழைநீருக்கான வழியில் சாக்கடையும் பிளாஸ்டிக்கும் கட்டடக் குப்பையும் இடம் பிடித்துக்கொண்டன.

2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது, மேற்கு மாம்பலத்தில் தரைத்தள வீடுகளில் இருந்தவர்கள் மாடி வீட்டுக்காரர்களின் தயவில் நாள்களைக் கழித்தார்கள். 2021 நவம்பர் 6-ஆம் தேதி இரவு தொடங்கிய மழை, விடிவதற்குள் நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஜி.என். செட்டி ரோடும் பாண்டி பஜாரும் ஏரியாகின. கோடிக்கணக்கில் செலவழித்து அழகுபடுத்திய நடைபாதையின் மேல் முழங்கால் தண்ணீர் நின்றது. தீபாவளி முடிந்து மூன்றாவது நாள். கடைக்காரர்கள் தரைத்தளத்திலிருந்து சரக்கை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரண்டு வெள்ளத்துக்கும் நடுவில் 2019-ஐ மறந்துவிட முடியாது. அந்த ஜூனில் சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த பெண்கள், தண்ணீர் இல்லாமல் மூடிய ஹோட்டல்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன கம்பெனிகள்! நான்கு வருஷ இடைவெளியில் தண்ணீர் மிதமிஞ்சியும் வந்தது, சொட்டுக்கூட இல்லாமலும் போனது.

இரண்டுக்கும் மருந்தாக இருந்தது ஒன்றுதான். அதன் பெயர் ஏரி. மழையில் வாங்கிக்கொள்ளும், வெயிலில் திருப்பிக் கொடுக்கும்.

அவர்களால் மட்டும் எப்படி முடிந்தது?

"ஜெர்மனியோடு நம்மை ஒப்பிடலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஷ்வெரினில் மழை வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்யும். சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அங்கே இருப்பது ஒரு லட்சம் பேர். இங்கே ஒரு பேட்டையின் தீபாவளிக் கூட்டமே அதைத் தாண்டும். அவர்களுக்கு வீட்டு நெருக்கடி இந்த அளவுக்கு இருந்ததில்லை.

"அங்கே இருப்பது இயற்கை ஏரி. நம்முடையது மனிதன் வெட்டியது. வெட்டியதை மூடினால் என்ன?" என்றும் கேட்கலாம். அதற்குப் பதில் ஷ்வெரினிலேயே இருக்கிறது. நகரத்தின் நட்ட நடுவில் ஃபாஃபன்டைஷ் என்றொரு நீர்நிலை. இயற்கையாக வந்ததில்லை, மத்திய காலத்தில் நீரோட்டத்தைத் தடுத்துத் தேக்கி உண்டாக்கியது. நம் ஏரி மாதிரியேதான். அதை உண்டாக்கிய தேவை எப்போதோ தீர்ந்துபோனது. ஆனாலும் மனை போடவில்லை. சுற்றி மரம் வைத்தார்கள், நடைபாதை போட்டார்கள். இன்று ஒரு சின்னப் படகு ஆட்களை இக்கரைக்கும் அக்கரைக்கும் ஏற்றிச் செல்கிறது. அந்தப் படகுக்கு அரண்மனைக் குட்டிப் பேயின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஒரு ஏரியின் முதல் வேலை முடிந்துவிட்டால், அதற்கு இரண்டாவது வேலை கொடுக்க முடியும் என்று அவர்கள் யோசித்தார்கள். 1923-ல் இங்கே யாருக்கும் அது தோன்றவில்லை. அன்றைக்கு வெள்ளம் பற்றியோ நிலத்தடி நீர் பற்றியோ இன்று தெரிந்த அளவுக்குத் தெரியாது. அதனால் அவர்களைக் கூண்டில் ஏற்றிப் பயனில்லை.

ஆனால் இன்று எல்லாம் தெரிந்த பிறகும் அதே காரியம் நடந்தால்? வேளச்சேரி ஏரி கண்ணெதிரே சுருங்கியது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடமாகவும் சாலையாகவும் குப்பைமேடாகவும் போன பிறகுதான், 2022-ல் மிச்சத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. புறநகரில் 'லேக் வியூ அபார்ட்மென்ட்' என்று விளம்பரம் வரும்போதெல்லாம், இன்னும் 50 வருஷம் கழித்து ஒரு பேரன் அங்கேயும் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்து இதே கேள்வியைக் கேட்பானோ என்று தோன்றத்தான் செய்கிறது.

நல்ல செய்தியும் இல்லாமலில்லை. நகரத்தின் நடுவிலேயே சேத்துப்பட்டு ஏரி தூர்வாரப்பட்டு, பசுமைப் பூங்காவாகி, படகு விடுகிற இடமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துப் போனால், சென்னையில் ஏரி எப்படி இருந்திருக்கும் என்று விரல் நீட்டிக் காட்டலாம்.

மொட்டை மாடியில் ஒரு குட்டி ஏரி

போன ஏரியைத் தோண்டி எடுக்க முடியாது. தி.நகரை யாரும் காலி செய்யப் போவதுமில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் மேலே ஒரு குட்டி நீர்ப்பிடிப்புப் பகுதி இருக்கிறது. அதன் பெயர் மொட்டை மாடி.

1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால், சுமார் 9,300 லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஏறக்குறைய ஒரு லாரித் தண்ணீர். அதைக் குழாய் வழியாகத் தெருவில் விட்டால், தெருவில் தேங்குகிற தண்ணீரில் அது நம் வீட்டுப் பங்கு. தொட்டியிலோ கிணற்றிலோ இறக்கினால் மே மாதத்துக்கான சேமிப்பு.

2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் குழாயும் குழியும் இன்றும் இருக்கின்றன. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? இருபது வருஷ மண்ணும் இலையும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் இறங்காமல் நிற்கிற குழிகள்தான் அதிகம். புரட்டாசியிலேயே ஒரு ஆளைக் கூப்பிட்டு, குழியைத் திறந்து, மேலே படிந்த சேற்றை அள்ளிவிட்டு, ஜல்லியையும் மணலையும் கழுவியோ மாற்றியோ போட்டுவிட்டால் போதும். மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை வைத்துவிட வேண்டும். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து பிடிக்கலாம். அபார்ட்மென்ட் என்றால் அசோசியேஷன் கூட்டத்தில் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இதைப் பேசலாம். உபயோகிக்காத பழைய கிணற்றைக் குப்பை போட்டு மூடாமல், மழைநீரை அதில் இறக்கலாம். வாசலில் மழைநீர் வடிகாலின் வாயில் குப்பை சேர்ந்திருந்தால், மழைக்கு முன்பே மாநகராட்சிக்குப் புகார் கொடுக்கலாம்.

இதனால் மட்டும் வெள்ளம் நின்றுவிடாது. கால்வாயைத் தூர்வாருவதும் ஆக்கிரமிப்பை எடுப்பதும் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் நம் வீட்டுத் தண்ணீர் நம் வீட்டிலேயே இறங்கினால், கீழ்ப்பக்கத்துத் தரைத்தள வீட்டில் கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொஞ்சமாவது குறையும்.

ஆட்டோ லேக் வியூ ரோட்டில் நின்றது. பாட்டி காசு கொடுத்துவிட்டு இறங்கினார். பேரன் இன்னும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ நாம இப்போ ஏரிக்கரையில நிக்கறோமா பாட்டி?"

"ஆமாண்டா."

"தண்ணி திரும்பி வருமா?"

பாட்டி வானத்தைப் பார்த்தார். தெற்கே கொஞ்சம் கறுத்துக்கொண்டு வந்தது.

"வருஷா வருஷம் வந்துண்டுதானே இருக்கு. அதுக்கு இடம் வெச்சிருக்கோமான்னுதான் பார்க்கணும். வா, மழைக்கு முன்னாடி மாடியில அந்தக் குழாய் வாயைக் கொஞ்சம் பார்த்துட்டு வந்துடுவோம்."